நூற்றுக்கு ஏழரை

தோற்கவே முடியாத மேசையில் பதினான்கு வருடம் தோற்பதற்குத் தனித் திறமை வேண்டும். ஃபூங் கின் வாவிடம் அது இருந்தது.

கோலாலம்பூரில் ஒரு காப்புறுதி நிறுவனத்தில் யார் எந்த வயதில் சாவார்கள் என்று கணக்குப் போட்டுச் சந்தாவை நிர்ணயிப்பது அவன் வேலை. அதில் புலி. ஆனால் சீனப் புத்தாண்டின் இரண்டாம் நாள், கல்யாணமான பெண்கள் புருஷனைக் கூட்டிக்கொண்டு பிறந்த வீட்டுக்கு வரும் நாளில், ஈப்போவில் மாமனார் வீட்டு வட்ட மேசையில் உட்கார்ந்துவிட்டால் புலி பூனையாகிவிடும். ஆட்டம் என்னவோ சின்னப் பிள்ளைகள் ஆடுவதுதான். ராஜா, ராணி, ஜாக் எல்லாம் பத்து, ஏஸ் ஒன்று அல்லது பதினொன்று என்று எண்ணிக் கூட்டினால் இருபத்தொன்றைத் தாண்டக் கூடாது, வங்கி பிடிப்பவரின், அதாவது சீட்டைப் போட்டு எல்லோருக்கும் எதிராகத் தனியாக ஆடும் மாமனாரின் கையைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். தாண்டினால் வெடித்தது என்று அர்த்தம். பதினாறு வராமல் யாரும் நிறுத்தக் கூடாது. அவ்வளவுதான். இதில் மாமியார் ஜெயிப்பாள், மனைவி ஜெயிப்பாள், மைத்துனி ஜெயிப்பாள், டீ கொண்டு வந்து வைக்கிற சாக்கில் ஒரு கை போடும் சகலைகூட ஜெயிப்பான். கின் வா மட்டும் தோற்பான்.

போன டிசம்பரில் அலுவலகத்தில் வேலை குறைவாக இருந்த ஒரு வாரம், அவன் மாமனார் வீட்டுச் சட்டங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றிப் பத்து லட்சம் கை ஆடவிட்டுப் பார்த்தான். வந்த விடையை நம்ப முடியாமல் இன்னொரு பத்து லட்சம் ஓட்டினான். மேசையில் நூறு ரிங்கிட் வைத்தால் வங்கிக்கு ஆறு ரிங்கிட் நஷ்டம். உலகத்தில் எந்தச் சூதாட்டக் கூடத்திலும் இப்படி ஒரு கேவலத்தைப் பார்க்க முடியாது. அதாவது மாமனார் இத்தனை வருடமாகக் காசை மழையாகக் கொட்டியிருக்கிறார், அந்த மழையில் ஒரு சொட்டுகூடப் படாமல் வந்த ஒரே ஆள் இவன்தான்.

வேறொருவனாக இருந்தால், இந்த மனிதர் ஏன் இப்படிச் சட்டம் வைத்திருக்கிறார் என்று ஒரு நிமிஷம் யோசித்திருப்பான். கின் வா யோசிக்கவில்லை. பாவம், அவருக்குக் கணக்கு வரவில்லை என்று முடிவு கட்டினான். கணக்கு வராதவர் நாற்பது வருடம் சைக்கிள் சாமான் கடை நடத்தி இரண்டு பெண்களைக் கட்டிக் கொடுத்திருக்க முடியுமா என்ற கேள்வி அந்தப் படித்த மண்டைக்குள் நுழையவே இல்லை. மூன்று சட்டங்களைத் திருத்தி ஒரு தாளில் அச்சடித்தான். அதோடு விட்டானா? லாமினேட் வேறு செய்தான்.

இந்த வருடம் அவனுக்குத் தோதாக ஒன்று நடந்தது. மாமனார் லியோங் தக் சோய்க்குப் போன வாரம்தான் கண்ணில் புரை எடுத்திருந்தார்கள். இடது கண்ணில் கட்டு, வலது கண்ணில் பாதிப் பார்வை. மத்தியானச் சாப்பாடு முடிந்து மேசையைத் துடைத்ததும் அவர் ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டு வந்து கின் வா முன்னால் வைத்தார்.

"எனக்குச் சீட்டு தெரியல. இந்த வருஷம் மூத்த மாப்பிள்ளை வங்கி பிடிக்கட்டும். இதுல மூவாயிரம் இருக்கு. தீர்ற வரைக்கும் ஆடு."

தீர்ற வரைக்கும். அந்த வார்த்தையை வாங்கிக்கொள்ளக் கின் வாவுக்குக் காது இருந்தது, புத்தி இல்லை.

"தீராது மாமா," என்றான் பெருமையாக. பையிலிருந்து தாளை எடுத்தான். "நம்ம வீட்டுச் சட்டத்துல மூணு ஓட்டை இருக்கு. அடைச்சுட்டேன்."

"லாமினேட்டா!" என்றான் சகலை செங். லாரி ஓட்டுபவன், முதுகெலும்புத் தட்டு நழுவி மூன்று மாதமாக வீட்டில் இருக்கிறான், வாய் மட்டும் நழுவவில்லை. "சகலை, இதை மாட்டறதுக்கு ஆணி கொண்டாந்தீங்களா?"

"சிரிக்காத. கேளு. முதல்ல, ரெண்டு பேரும் வெடிச்சா சமம்னு வச்சிருக்கோம். அது தப்பு. இனிமே வெடிச்சவங்க உடனே காசைக் கொடுத்துட்டுச் சீட்டைக் கவுத்துப் போட்டுடணும். அப்புறம் வங்கி வெடிச்சாலும் திருப்பிக் கிடையாது."

"அநியாயம்," என்றாள் மாமியார், தர்பூசணி விதையைக் கொறித்துக்கொண்டே.

"ரெண்டாவது, முதல் ரெண்டு சீட்டுலயே இருபத்தொண்ணு வந்தா உங்களுக்கு ரெண்டு மடங்கு, வங்கிக்கு வந்தா ஒரு மடங்கு. இதென்ன நியாயம்? இனிமே ரெண்டு பக்கமும் ரெண்டு மடங்கு. மூணாவது, முதல் ரெண்டு சீட்டு பதினஞ்சு வந்தா வச்ச காசை எடுத்துக்கிட்டுப் பயந்து ஓடிப்போகலாம்னு ஒண்ணு இருக்கே, அது இனி கிடையாது. வந்தது வந்ததுதான், ஆடணும்."

"ரெட்டை ஏஸ்?" என்று கேட்டாள் மைத்துனி சியூ மன்.

"அது பழையபடி மூணு மடங்கு. அதைத் தொடல. இருநூத்துச் சொச்சம் கைக்கு ஒரு தடவைதான் வரும். எனக்கு வந்ததே இல்ல."

தாளின் அடியில் பெரிய எழுத்தில் அச்சடித்திருந்தது: வங்கிக்கு லாபம், நூற்றுக்கு ஏழரை. அந்த எண்ணைக் கண்டால் நாம் சனீஸ்வரன் கோவிலுக்கு ஓடுவோம். கின் வாவுக்கு இனித்தது.

மாமனார் ஆரஞ்சுச் சுளையின் நாரை உரித்தபடி, "பெரிய படிப்பு," என்றார். பாராட்டு என்று எடுத்துக்கொண்டான்.

ஆட்டம் தொடங்கியது. மாமனாருக்குச் சீட்டைப் படித்துச் சொல்வது மாமியார் பொறுப்பு. காதில் சொல்வதாகத்தான் ஏற்பாடு. ஆனால் அவளுடைய ரகசியம் அடுத்த தெருவுக்குக் கேட்கும். "பன்னெண்டு! இன்னொண்ணு கேளு!" "ஐயோ, ராஜா வந்துட்டான், போச்சு!" கின் வா டின்னை நிரப்பிக்கொண்டே இருந்தான். கணக்கு வேலை செய்கிறது, கண் முன்னால் வேலை செய்கிறது! முக்கால் மணி நேரத்தில் எல்லோரும் தோற்றுப்போனார்கள், மைத்துனி மன்தான் அதிகம். இருநூற்றுப் பத்து ரிங்கிட். அறுநூறோடு வந்தவள், பத்து பத்தாக வைத்து விட்டாள். கடைசியில் அவள் பர்ஸைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்ததைக் கின் வா பார்த்தான். பார்த்துவிட்டு அடுத்த சீட்டைப் போட்டான்.

"வெந்நீர் எடுக்கணும், கொஞ்சம் வாங்க," என்று மனைவி சியூ லிங் எழுந்தாள். வெந்நீர் எடுக்க இரண்டு ஆள் எதற்கு என்று கேட்க வாய் திறந்தவன், அவள் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டான்.

அடுப்படியில் அவள் கதவைச் சாத்தினாள்.

"உங்களுக்கு மூளை இருக்கா?"

"என்ன பண்ணேன்?"

"மனோட மீன் உருண்டைக் கடைல ஃப்ரீசர் செத்துப்போச்சு. சாப்பிடும்போது சொன்னாளே, நீங்க எங்க கேட்டீங்க, தாளைத் தடவிக்கிட்டு இருந்தீங்க. பழசு வாங்கினாலே ஆயிரத்து எண்ணூறு. அது இல்லாம கடை திறக்க முடியாது. செங் வேற படுத்துக் கிடக்கிறான்."

"அப்ப மாமா கொடுக்க வேண்டியதுதானே?"

"கொடுத்தா வாங்குவாளா? கல்யாணமான பொண்ணு அப்பனுக்குப் பணம் போட்ட சிவப்பு உறை கொடுக்கணும், அப்பன்கிட்ட வாங்கக் கூடாது. அதுலயும் அவ ரோஷக்காரி. அதனாலதான் அப்பா வருஷா வருஷம் சீட்டுல விடுறார். அந்தச் சட்டமெல்லாம் எங்கிருந்து வந்துச்சுன்னு நினைச்சீங்க? நமக்கு ஆன அதே வருஷம் அவளுக்கும் கல்யாணம் ஆச்சே, அப்ப அப்பா ஒவ்வொண்ணா மாத்தினது."

கின் வாவுக்கு முகம் செத்துப்போயிற்று.

"நான் வேணா கடன்..."

"போன தடவை கடன் கொடுக்கிறேன்னு வட்டி அட்டவணை போட்டுக் கொடுத்தீங்களே, ஞாபகம் இருக்கா? குடும்பத்துக்காக நூத்துக்கு மூணுதான்னு?"

ஞாபகம் இருந்தது. அதையும் லாமினேட் செய்திருந்தான்.

"ஓட்டையை அடைச்சுட்டாராம் ஓட்டையை," என்று சொல்லிவிட்டு அவள் வெந்நீர்ச் சாடியைத் தூக்கிக்கொண்டு போனாள். கின் வா கொஞ்ச நேரம் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றான். பதினான்கு வருடம் படியளந்த கையை எல்லோர் முன்னாலும் பிடித்து, இது கணக்குத் தப்பு என்று சொல்லியிருக்கிறான். செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. சீனப் புத்தாண்டில் அதுவும் ஆகாது.

சரி, தோற்றுவிடலாம் என்று போய் உட்கார்ந்தான். தோற்பதில் தனக்கு ஈடு யார்?

அங்கேதான் வந்தது வினை. தோற்க வேண்டும் என்று ஆடினால் சீட்டு அவனைத் தோற்கவிடவில்லை. பதின்மூன்றில் இன்னொன்று எடுத்தான், எட்டு வந்து இருபத்தொன்று ஆயிற்று. அடுத்த கையில் ராஜாவும் ஏஸும் தானாக வந்து விழுந்து, அவனே திருத்திய சட்டப்படி இரண்டு மடங்காக வாரிக்கொண்டு போயிற்று. மன் வெடித்தாள், காசைக் கொடுத்தாள், பின்னாலேயே வங்கியும் வெடித்தது. பழைய சட்டமாக இருந்தால் அவள் காசு அவளுக்கே திரும்பியிருக்கும்.

"எனக்கு இந்த முதல் சட்டத்துல ஒரு சந்தேகம்," என்று இழுத்தான் கின் வா. "யோசிச்சுப் பார்த்தா, பழைய சட்டத்துலதான் வங்கிக்கு நல்லது மாதிரி..."

"அதெப்படி?" என்றான் செங். "லாமினேட் பண்ணப்புறம் மாறுமா?"

"தசமப் புள்ளி... இடம் மாறிப்போச்சு."

இருபது வருடமாகத் தசமப் புள்ளியை வைத்துச் சோறு தின்பவன் சொல்கிற பேச்சா இது. மாமியாரே விதை கொறிப்பதை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தாள்.

அடுத்த கையில் வங்கிக்குப் பத்தொன்பது. எந்தப் பைத்தியக்காரனும் அங்கே நிறுத்துவான். மன் இருபது ரிங்கிட் வைத்திருந்தாள். கின் வா தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "இன்னொண்ணு பார்க்கலாம்," என்று சீட்டுக் கட்டிலிருந்து எடுத்தான். இரண்டு வந்தது. இருபத்தொன்று.

மன் தன் சீட்டைக் கீழே வைத்தாள்.

"எனக்காகத் தோக்காதீங்க அத்தான்," என்றாள். குரல் ஏறவில்லை. "அதுக்கு ஒரு கை வேணும். உங்களுக்கு அது வரல."

"அப்படியெல்லாம் இல்ல மன், நான் சும்மா..."

"பத்தொம்பதுல யாரு எடுப்பா? மீன் உருண்டை விக்கிறவதான், ஆனா கூட்டத் தெரியும்." அவள் அந்தத் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "இந்த ஏழரை யாருக்கு?"

"வங்கிக்கு."

"நெசமாவா? தசமப் புள்ளி இடத்துலதான் இருக்கா?"

"இருக்கு," என்றான் தலையைக் குனிந்துகொண்டு.

"அப்ப வங்கியை என்கிட்டக் கொடுங்க. என் காசை வச்சுப் பிடிக்கிறேன். அப்பா டின் வேண்டாம்."

"என்னடி பேசுற!" மாமியார் எழுந்தே விட்டாள். "கட்டிக் கொடுத்த பொண்ணு இந்த வீட்டுல வங்கி பிடிச்சா, வருஷம் முழுக்க வீட்டு அதிர்ஷ்டம் அவ பின்னாலேயே அவ புருஷன் வீட்டுக்குப் போயிடும். உங்க தாத்தா காலத்துலேருந்து பிடிச்சதில்ல!"

எல்லோரும் மாமனாரைப் பார்த்தார்கள். அவர் பாதிக் கண்ணால் மகள் இருந்த பக்கம் பார்த்தார்.

"போன வருஷம் பூரா வீட்டுல இருந்த அதிர்ஷ்டம் என் கண்ணுல வந்து உக்காந்த புரைதான்," என்றார். "போகட்டும். டின்னை இப்படித் தள்ளு மாப்பிள்ளை. நானும் ஆடுறவன்தான்."

மாமியார் முணுமுணுத்துக்கொண்டே உட்கார்ந்தாள். மன் இடம் மாறி உட்கார்ந்து, பர்ஸிலிருந்ததை மேசையில் கொட்டினாள். முன்னூற்றுச் சொச்சம். சீட்டைக் கலைத்தாள். வருடம் முழுக்க மீன் விழுதைப் பிசைந்த கை, சீட்டு அதில் தண்ணீர் மாதிரி ஓடியது. செங் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்து, "வங்கி முதலாளியம்மா புருஷனுக்குக் கமிஷன் உண்டா?" என்றான். "டீ போட்டா உண்டு," என்றாள் அவள்.

ஐந்தாறு சுற்றில் அவள் முன்னால் நானூற்று இருபது சேர்ந்தது. கின் வாவுக்கு உற்சாகம் பிடித்துக்கொண்டது. இப்போதாவது புத்திசாலித்தனமாகத் தோற்கலாம் என்று நூறு ரிங்கிட் வைத்தான். சீட்டைத் தூக்கிப் பார்த்தான்.

ஏஸ். பக்கத்தில் இன்னொரு ஏஸ்.

பதினான்கு வருடம்! ஒரு தடவை, ஒரே ஒரு தடவை மேசையில் அடித்துக் காட்ட வேண்டும் என்று ஏங்கிய சீட்டு. மூன்று மடங்கு, முன்னூறு ரிங்கிட். காட்டினால் மன் கையில் நூற்று இருபதுதான் மிஞ்சும். ஃப்ரீசரும் இல்லை, கடையும் இல்லை. காட்டாவிட்டால்? வெடித்த சீட்டைக் கவிழ்த்துப் போட வேண்டும் என்று சட்டம் வைத்தவனே அவன்தான். தோற்றேன் என்று பொய் சொல்கிறவனை யார் சரிபார்க்கப்போகிறார்கள்?

"இன்னொண்ணு," என்றான். வந்ததைப் பார்த்து, "சே, வெடிச்சிருச்சு," என்று மூன்றையும் கவிழ்த்து, நூறு ரிங்கிட்டோடு தள்ளினான். நடிப்பு பிரமாதம் என்றுதான் நினைத்துக்கொண்டான்.

மன் காசை எடுக்கவில்லை. சீட்டைத் திருப்பினாள். ஏஸ், ஏஸ், நாலு.

"இது ஆறு," என்றாள். "ஆறுல எப்படி அத்தான் வெடிக்கும்?"

செங் வாய்விட்டுச் சிரித்தான். மாமியார், "கண்ணு ஆபரேஷன் யாருக்குடி நடந்துச்சு?" என்றாள். கின் வாவின் காது மடல் வரை எரிந்தது. சியூ லிங் அவன் முழங்காலை மேசைக்கு அடியில் ஒரு கிள்ளு கிள்ளினாள். அது திட்டா, கொஞ்சலா என்று அவனுக்குத் தெரியவில்லை.

மன் மட்டும் சிரிக்கவில்லை. ஐம்பதும் இருபதும் பத்துமாக முன்னூறு ரிங்கிட்டை எண்ணி, அவனுடைய நூறின் மேல் வைத்து, அவன் முன்னால் நகர்த்தினாள்.

"மன், வேண்டாம். மூணாவது சீட்டு எடுத்துட்டேன், செல்லாது..."

"முதல் ரெண்டு சீட்டு ஏஸ். என் வங்கில வந்தது, கொடுக்காம விடமாட்டேன். எடுங்க." அவள் கண் கலங்கியிருந்தது, குரல் கலங்கவில்லை. "எடுத்தாத்தான் அடுத்த சீட்டு போடுவேன்."

எடுத்தான். கையில் வாங்கிய காசு அவ்வளவு கனத்தது அவன் வாழ்க்கையில் இல்லை. அழுகை வந்துவிடும் போலிருந்தது. இருநூற்றுச் சொச்சம் கைக்கு ஒரு தடவை வருகிற சனியன், போயும் போயும் இன்றைக்கா வர வேண்டும்!

மன் மீதியை எண்ணினாள். நூற்று இருபது.

"இப்பச் சொல்லுங்க," என்றாள். "உங்க கணக்கு நெசம்னா, இந்தச் சட்டத்துலயே ஆடினா ஆயிரத்து எண்ணூறு ஜெயிக்க எவ்வளவு நேரமாகும்? ஆடுறது நீங்க நாலு பேர். ஆளுக்கு இருபது வச்சா?"

கின் வா நிமிர்ந்து பார்த்தான். அவள் கேலி செய்யவில்லை. இந்த வீட்டில் பதினான்கு வருடத்தில் முதல் முறையாக ஒருவர் அவனிடம் கணக்குக் கேட்கிறார். விரலை மடக்கினான்.

"ஒரு கைக்கு ஒண்ணரை ரிங்கிட். ஆயிரத்து இருநூறு கை. நாலு பேர்னா முன்னூறு சுத்து. சுத்துக்கு ரெண்டு நிமிஷம்... பத்து மணி நேரம்."

"அப்பா ஆடினா மூணு நிமிஷம்," என்றான் செங்.

"ஆனா மன், உண்மையைச் சொல்லிடறேன். நூத்து இருபதை வச்சுக்கிட்டு ஆரம்பிக்கிற. முதல் ரெண்டு மூணு சுத்துலயே எல்லாம் போயிடலாம். ஏழரைங்கிறது கடைசில வர்றது. அதுவரைக்கும் தாங்கணும்."

"கடை போட்டப்பவும் இதே கதைதான்," என்றாள் மன். "நீங்க எல்லாரும் ஒழுங்கா ஜெயிக்கப் பார்த்து ஆடணும். யாராவது விட்டுக் கொடுத்தீங்க, அப்பவே எழுந்து போயிடுவேன். அப்பா, உங்களுக்கும்தான்."

மாமனார் டின்னிலிருந்து ஓர் இருபது ரிங்கிட் தாளைத் தடவி எடுத்து மேசையில் வைத்தார். வலது கண்ணிலிருந்து நீர் வழிந்தது. மருந்து விட்டதனால் என்று சொல்லித் துடைத்துக்கொண்டார். மருந்து விட்டது இடது கண்ணில்.

"பத்து மணி நேரமா?" என்றாள் மாமியார். "அப்ப ராத்திரிக்கு அரிசி கழுவிட்டு வந்துடறேன். என் சீட்டை யாரும் பார்க்காதீங்க."

நாலு மணிக்குக் கிளம்பினால்தான் நெடுஞ்சாலையில் நெரிசல் இருக்காது என்று காலையிலிருந்து நாலு தடவை சொன்னவன் கின் வா. சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு இருபது ரிங்கிட் வைத்தான். மன் சீட்டைப் போட்டாள். ராணியும் ஆறும், பதினாறு. நிறுத்தலாம், எடுக்கலாம். எடுப்பதுதான் சரி என்று கணக்கு சொன்னது. எடுத்தான், மூன்று வந்தது, பத்தொன்பது. நல்ல கை. ஜெயிக்கத்தான் ஆடினான், சத்தியமாக.

பிறகு மன் தன் சீட்டைத் திருப்பப்போகும்போது, நாற்பத்து நாலு வயதில், தன் கணக்கு ஒரு தடவையாவது பலிக்க வேண்டுமே என்று ஃபூங் கின் வா மேசைக்கு அடியில் இரண்டு கைகளையும் கூப்பிக்கொண்டான்.